கோடு போட்டால் போதுமா, வழி தெரிய வேண்டாமா?

சென்ற மாதம் நம் சங்க அலுவலகத்தில் இளைஞர்கள் சிலர் ஒரு பெரிய தாளை மேசைமேல் விரித்தார்கள். எட்டடி நீளம் இருக்கும். பங்காருபேட்டைக்கும் கோலார் தங்கவயலுக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களின் உறவுமுறைப் படம் அது. கம்ப்யூட்டரில் வரைந்து, பெங்களூரில் கொடுத்து அச்சடித்து வாங்கி வந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டம். கட்டத்திலிருந்து கட்டத்துக்குக் கோடு. பார்த்தவர்கள் எல்லாரும் "பலே!" என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

அப்போது ஒரு பெரியம்மா, "என் பேரைப் பார்த்துட்டேன் தம்பி. அந்தக் கோடியில இருக்காரே, அவரு எனக்கு என்ன முறை ஆகணும்? சொல்லு பார்ப்போம்" என்று கேட்டார். ஒரு தம்பி அவர் பெயர்மேல் விரலை வைத்தார். விரல் கோட்டின் வழியே போயிற்று. நடுவில் நாலைந்து கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் வந்தது. விரல் தயங்கியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை வேறு ஒரு குடும்பத்துக்குள் போய்ச் சேர்ந்தார். பெரியம்மா சிரித்துவிட்டு, தாளைப் பார்க்காமலே, "எனக்கு அண்ணன் முறைப்பா. அவங்க அம்மாவும் எங்க அம்மாவும் அக்கா தங்கச்சி பிள்ளைங்க" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல் தயங்கி நின்ற இடம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. படத்தில் தவறு எதுவும் இல்லை. இணைப்பு இருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்றைக்குப் பெரியம்மா இருக்கிறார், சொல்லிவிட்டார். அவர் இல்லாத காலத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்தது டிப்ளோமா. என் உத்தியோகத்தில் பாதி நேரம், யாரோ வரைந்த கோட்டை விரலால் தொடர்ந்து போவதிலேயே கழிந்தது. அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. படம் என்பது வரைகிறவருக்காக அல்ல. அதை வரையாத ஒருவர், அவசரத்தில், அரை வெளிச்சத்தில் பார்ப்பதற்காக. அவருக்கு வழி தெரியாவிட்டால் அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன் இல்லை. நம் சங்கத்தின் படத்தை ஆண்டு விழாவில் சுவரில் மாட்டுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

வெட்டுவது வேறு, சேர்வது வேறு

ரயில் பாதையில் இரண்டு தண்டவாளங்கள் சந்திக்க இரண்டு விதம் உண்டு. ஒன்று டைமண்ட் கிராசிங். ஒரு பாதை இன்னொன்றைக் குறுக்கே வெட்டிப் போகும். அதில் வரும் வண்டி நேரே போகலாமே தவிர மற்றப் பாதைக்குத் திரும்ப முடியாது. மற்றொன்று பாயிண்ட். அங்கே ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு வண்டி மாறலாம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் இரும்பும் இரும்பும் குறுக்கிடுவதுதான். ஆனால் ஒன்றில் இணைப்பு உண்டு, மற்றதில் இல்லை.

மூன்றாவது விதம் ஒன்றும் உண்டு. அதற்கு நம் ஊரே சாட்சி. பெளரிங்பேட்டை என்று பெயர் இருந்த காலத்திலேயே இது ஜங்ஷன். ஜோலார்பேட்டை – பெங்களூர் அகலப்பாதை ஒரு பக்கம். 1894-இல் திறந்த தங்கவயல் கிளைப்பாதை ஒரு பக்கம்; கோரமண்டல், உரிகாம், சாம்பியன் என்று போய் மாரிக்குப்பத்தில் முடியும். இன்னொரு பக்கம் கோலார் வழியாகச் சிக்பள்ளாப்பூருக்குப் போன 2 அடி 6 அங்குலக் குறுகிய பாதை. பின்னாளில் அதுவும் அகலப்பாதையாகிவிட்டது. அந்தக் காலத்து ரயில்வே படத்தைப் பார்த்தால் மூன்று கோடுகளும் பங்காருபேட்டை என்ற ஒரே புள்ளியில் சேரும். ஆனால் மாரிக்குப்பத்து வண்டிப் பெட்டியைக் கோலார் பாதையில் தள்ள முடியாது. தண்டவாள அகலமே வேறு. ஆள் இறங்கி ஏற வேண்டும், மூட்டையை இறக்கி ஏற்ற வேண்டும். படத்தில் தொட்டுக்கொண்ட கோடு தரையில் தொடவில்லை.

ஆகவே கோடு போடுகிறவர் ஒவ்வொரு சந்திப்பிலும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இது வெட்டுகிறதா, சேர்கிறதா, இறங்கி ஏற வேண்டிய இடமா? பதில் சொல்லாமல் விட்ட சந்திப்பில் பார்க்கிறவர் தாமாக ஒரு பதிலை நினைத்துக்கொள்வார். பெரும்பாலும் அது தவறாக இருக்கும்.

மறைந்துபோன கறுப்புப் புள்ளி

மின்சார ஒயர்ப் படங்களில் இதற்குப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. சேர்கிற இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார்கள். சேராமல் தாண்டுகிற இடத்தில் ஒரு கோட்டைச் சின்னப் பாலம் போல வளைத்து மற்றதன் மேலே கொண்டுபோவார்கள். பிற்பாடு பாலம் போடுவதை விட்டுவிட்டு, புள்ளி இருந்தால் சேர்க்கை, இல்லாவிட்டால் வெறும் வெட்டு என்று வைத்துக்கொண்டார்கள். வரைவதற்குச் சுலபம். ஆனால் அந்தப் புள்ளி எவ்வளவு பெரிய பாரத்தைச் சுமக்கிறது என்பது எனக்கு ஒரு மழை இரவில்தான் புரிந்தது.

நான் வேலையில் சேர்ந்த புதிது. ஒரு ஸ்டேஷனில் சிக்னல் ஒன்று சிவப்பிலேயே நின்றுவிட்டது. வண்டிகளை எழுத்து மூலம் அனுமதி கொடுத்து மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டார்ச் வெளிச்சத்தில் படத்தை விரித்தேன். அம்மோனியா பிரிண்ட். பல வருடம் மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்திருந்தது. ஒரு மடிப்பின்மேல் இரண்டு கோடுகள் வெட்டின. புள்ளி இல்லை. ஆகவே இணைப்பு இல்லை என்று முடிவு செய்து, வேறு கிளையில் ஒவ்வொரு டெர்மினலாக மீட்டர் வைத்துத் தேடினேன். இரண்டரை மணி நேரம் போயிற்று. கடைசியில் ஓய்வு பெறப்போகிற மெயின்டெய்னர் ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு மடிப்பின்மேல் விரலை வைத்து, "இங்க ஒரு புள்ளி இருந்துச்சு சார்" என்றார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

நல்ல டிராப்ட்ஸ்மேன்கள் நான்கு கோட்டை ஒரே புள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்பதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு 'டி' வடிவச் சேர்க்கையாகப் போடுவார்கள். அப்படிப் போட்டால் புள்ளி அழிந்தாலும் வடிவமே சொல்லிவிடும்: ஒரு கோடு இன்னொன்றில் வந்து நின்றால் அது சேர்க்கைதான், தாண்டிப் போனால் வெட்டுதான். மை சிந்தி பொய்ப் புள்ளி விழுந்தாலும் ஏமாற மாட்டோம். ஒரே அடையாளத்தை நம்பியிருக்கக் கூடாது என்பதே இதன் சாரம்.

ரிலே ரூம் படங்களில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு ரிலேயின் சுருள் மூன்றாம் தாளில் இருக்கும். அதன் காண்டாக்டுகள் ஐந்தாம் தாளிலும் எட்டாம் தாளிலும் பன்னிரண்டாம் தாளிலும் இருக்கும். இவற்றுக்கிடையே யாரும் நீளக் கோடு இழுப்பதில்லை. இரண்டு முனையிலும் ஒரே பெயரை எழுதி, மறுமுனை எந்தத் தாளில் என்றும் குறித்துவிடுவார்கள். அதோடு எந்த ரிலேயின் எந்தக் காண்டாக்ட் எங்கே பயன்படுகிறது என்று தனியாக ஒரு பட்டியலும் இருக்கும். கோடு கண்ணைக் குழப்புகிற இடத்தில் பெயர் வழிகாட்டும். எல்லா இணைப்பையும் கோடாகத்தான் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உயிர் போன இடங்கள்

அன்று என் சிக்னல் சிவப்பில் நின்றது, நல்லவேளை. ஏதாவது கெட்டுப்போனால் சிவப்புக்கு வர வேண்டும் என்றுதான் சிக்னல் சர்க்யூட்டை அமைக்கிறார்கள். ஆனால் யாருக்கும் தெரியாத இணைப்பு ஒன்று உள்ளே இருந்தால் அந்தப் பாதுகாப்பும் தோற்றுப்போகும்.

1988 டிசம்பர் 12-ஆம் தேதி காலை, லண்டனில் கிளாப்ஹாம் ஜங்ஷன் அருகே நின்றிருந்த வண்டிமேல் பின்னால் வந்த வண்டி மோதியது. 35 பேர் இறந்தார்கள். சிக்னல் ஒயரிங்கைப் புதுப்பித்துக்கொண்டிருந்த காலம். மாற்றப்பட்ட ஒரு பழைய ஒயரை முழுதும் எடுக்காமல், ஒரு முனை இணைந்தபடியே, மறுமுனையை வெட்டாமல் விட்டிருந்தார்கள். பின்னர் பக்கத்தில் வேலை நடந்தபோது அந்த ஒயர் அசைந்து பழைய இடத்தையே தொட்டுவிட்டது. தடத்தில் வண்டி நின்றும் சிக்னல் சிவப்புக்கு வரவில்லை. படத்தின்படி அங்கே ஒயர் இல்லை, பெட்டியில் இருந்தது. படத்தில் உள்ள ஒயர்களின் எண்ணிக்கையும் டெர்மினலில் உள்ள எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று வேறொருவர் எண்ணிப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். யாரும் எண்ணவில்லை. அந்த வேலையைச் செய்தவர் அதற்கு முந்தைய 13 வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார் என்பதும் நீதி விசாரணையில் வெளிவந்தது.

நம் நாட்டிலேயே 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவில் பாலேஸ்வர் அருகே பாஹாநகா பஜார் ஸ்டேஷனில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை கிடைத்தது. பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. லூப்பில் நின்ற சரக்கு வண்டியில் மோதியது. பெங்களூரிலிருந்து ஹவுரா போன வண்டியும் அதில் சிக்கிக்கொண்டது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். லெவல் கிராசிங் கேட் சம்பந்தமாக நடந்த சிக்னல் சர்க்யூட் மாற்ற வேலையில் ஏற்பட்ட பிழையே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. பெட்டிக்குள் ஒயர்களுக்கு இட்டிருந்த பெயரெழுத்துகள் உண்மையான இணைப்போடு பொருந்தாமல் பல ஆண்டுகள் இருந்ததும் அதில் தெரியவந்தது. பெயரை நம்பி ஒயரை இணைத்தால் என்ன ஆகும்?

உறவுமுறைப் படத்தையும் ரயில் விபத்தையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். அளவு வேறு, நோய் ஒன்று. படம் ஒன்று சொல்கிறது, உண்மை வேறாக இருக்கிறது. அல்லது படம் சரியாகச் சொல்கிறது, படிப்பவருக்குப் புரியவில்லை.

குறுக்கே வெட்டாமல் போட முடியாதா?

"கோடுகள் வெட்டாதபடி வரைந்துவிட்டால் தொல்லை இல்லையே" என்று தோன்றும். சிறு வயதில் விளையாடியிருப்பீர்கள். மூன்று வீடு, மூன்று கிணறு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று கிணற்றுக்கும் பாதை போட வேண்டும். பாதைகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. எத்தனை தாளைக் கிழித்துப் போட்டாலும் முடியாது. குறைந்தது ஒரு வெட்டு வந்தே தீரும்.

இதே கணக்கு ஒரு கொடுமையான இடத்திலும் பிறந்திருக்கிறது. 1944-இல் பால் தூரான் என்ற ஹங்கேரிக் கணித மேதை புடாபெஸ்ட் அருகே கட்டாய உழைப்பு முகாமில் இருந்தார். சூளையிலிருந்து செங்கல்லை டிராலியில் ஏற்றித் தண்டவாளத்தின்மேல் தள்ளிக் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாச் சூளையிலிருந்தும் எல்லாக் களத்துக்கும் தண்டவாளம். தண்டவாளங்கள் வெட்டுகிற இடத்தில் மட்டும் டிராலி குதித்துச் செங்கல் கொட்டிவிடும். வெட்டுகளை எவ்வளவு குறைக்கலாம் என்று அங்கேயே யோசிக்கத் தொடங்கினார். அதற்கு ஒரு சூத்திரம் பிறகு முன்வைக்கப்பட்டது. ஆனால் அது எல்லா எண்ணிக்கைக்கும் பொருந்தும் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. எந்தப் படத்துக்கும் மிகக் குறைந்த வெட்டு எது என்று கண்டுபிடிப்பது கம்ப்யூட்டருக்கே கடினமான கணக்குகளில் ஒன்று என்று 1983-இல் நிரூபித்திருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் இளைஞர்கள் "ஆட்டோமேட்டிக்காக அடுக்கு" என்ற பட்டனை அழுத்திவிட்டு, இதற்கு மேல் சிறப்பாக வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டன் கொடுப்பது ஒரு நல்ல முயற்சி, அவ்வளவுதான். கட்டங்களைக் கையால் நகர்த்திப் பார்த்தால் பல வெட்டுகள் மறையும். வெட்டுகள் எத்தனை கூடுகின்றனவோ அத்தனைக்குப் படிப்பவர் தடுமாறுகிறார் என்று 1990-களிலேயே ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தவிர்க்க முடியாத வெட்டாக இருந்தால் நேர்க்கோணத்தில் வெட்டட்டும். சாய்வாக உரசிக்கொண்டு போகும் கோட்டில்தான் கண் தடம் மாறிவிடும்.

எதை விடலாம் என்று தெரிந்தவர்

லண்டன் பாதாள ரயிலின் படம் உலகப் புகழ் பெற்றது. அதை வரைந்த ஹாரி பெக், சிக்னல் அலுவலகத்தில் வேலை பார்த்த டிராப்ட்ஸ்மேன். அந்த வகையில் என் இனத்தவர். அதற்கு முந்தைய படங்கள் தரையில் உள்ளபடி தூரத்தையும் வளைவையும் காட்டின. நகர மையத்தில் ஸ்டேஷன்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. பெக் யோசித்தார். பூமிக்கடியில் போகிறவருக்கு மேலே எந்தத் தெரு என்று எதற்கு? அவருக்கு வேண்டியது எந்த வண்டி, எங்கே மாற வேண்டும் என்ற இரண்டே விஷயம். தூரத்தை விட்டார். எல்லாக் கோட்டையும் நேராகவோ, செங்குத்தாகவோ, 45 டிகிரி சாய்வாகவோ போட்டார். மாறும் ஸ்டேஷனுக்குத் தனி அடையாளம் வைத்தார். இது ரொம்பப் புதுமையாக இருக்கிறது என்று முதலில் மறுத்தார்கள். 1933-இல் அச்சிட்டு விட்டபோது மக்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகெங்கும் மெட்ரோ ரயில் படங்கள் அந்த வழியில்தான் வரையப்படுகின்றன.

எல்லாவற்றையும் காட்டினால் எதுவும் தெரியாது. படிப்பவர் எந்தக் கேள்வியோடு வருகிறார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பதில் சொல்லாத கோட்டை எடுத்துவிட வேண்டும்.

மகள் காட்டிய வித்தை

என் மகள் பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறாள். காலை வண்டியில் போய் இரவு திரும்புகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் லேப்டாப்பில் ஒரு படத்தைப் பார்த்தேன். இருநூறு கட்டம் இருக்கும். "இதுதாம்பா எங்க சிஸ்டம்" என்றாள். நான் ஒரு கட்டத்தைக் காட்டி, "இது நின்னுபோச்சுன்னா வேற எதெல்லாம் நிக்கும்?" என்று கேட்டேன். அவள் விரலும் பாதி வழியில் தயங்கியது! ஆனால் அடுத்த நிமிஷம் அந்தக் கட்டத்தைத் தட்டினாள். அதோடு சேர்ந்த கோடுகள் மட்டும் தடித்து நின்றன, மற்றதெல்லாம் மங்கிப்போயிற்று. உண்மையிலேயே அசந்துபோனேன். அந்த மழை இரவில் எனக்கு இது கிடைத்திருந்தால்!

இன்றைய சாஃப்ட்வேர்களில் இப்படிப் பல வசதிகள் இருக்கின்றன. கோடு கோட்டைத் தாண்டும் இடத்தில் பழைய முறைப்படி பாலம் தானாகவே விழும்படி செய்யலாம். கட்டத்தை நகர்த்தினால் கோடும் ஒட்டிக்கொண்டே வரும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோலப் படத்தை அடுக்குகளாகப் பிரித்து, வேண்டிய அடுக்கை மட்டும் காட்டலாம். இவ்வளவும் அந்தத் தம்பிகள் பயன்படுத்திய சாஃப்ட்வேரிலும் இருக்கக்கூடும். தேடிப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று. தட்டினால் தடிக்கும் வித்தை திரையில்தான் நடக்கும். அச்சடித்துச் சுவரில் மாட்டிய தாளைத் தட்டினால் சுவர்தான் அதிரும். காகிதத்தில் தெரிய வேண்டியதைக் காகிதத்திலேயே தெரியும்படி வரைய வேண்டும்.

இன்னொரு வாதமும் வரும். "கம்ப்யூட்டரில் இரண்டு பெயரைக் கொடுத்தால் உறவை அதுவே சொல்லிவிடுமே, கண்ணால் எதற்குப் பார்க்க வேண்டும்?" சொல்லும், உண்மைதான். உள்ளே போட்ட கோடு ஒன்று தவறாக இருந்தால் அந்தத் தவறான பதிலையும் அதே தைரியத்தோடு சொல்லும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தெரிந்த பெரியவர்கள் படத்தைக் கண்ணால் பார்த்து, "இது இங்க வராதே" என்று சொல்வதுதான். அவர்கள் பார்ப்பதற்குப் படம் தெளிவாக இருந்தாக வேண்டும்.

நம்முடையது ஆலமரம்

மேலை நாட்டார் குடும்ப மரம் என்கிறார்கள். ஒரு அடிமரம், கிளை, கிளையின் கிளை. கிளைகள் மறுபடி சேர்வது அபூர்வம். உறவுமுறை வரையும் சாஃப்ட்வேர்கள் பலவும் அதை மனத்தில் வைத்துச் செய்தவை. நம்முடையதோ ஆலமரம், விழுது மறுபடி மண்ணில் இறங்கும். அத்தை மகனைக் கட்டுகிறோம், மாமன் மகளைக் கட்டுகிறோம், அக்காள் மகளையும் கட்டுகிறோம். ஆகவே இரண்டு கட்டங்களுக்கிடையே ஒரு வழி அல்ல, இரண்டு மூன்று வழி இருக்கும். ஒரே ஆள் ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் பெரியப்பா ஆவார். கோடுகள் வெட்டாமல் இருக்க முடியாது.

நமக்கு இதில் கோட்டைத் தவறாகப் படிப்பது சின்ன விஷயம் இல்லை. அண்ணன் தம்பி பிள்ளைகள் பங்காளிகள், உடன்பிறப்பு முறை. அண்ணன் தங்கை பிள்ளைகள் முறைப்பெண், முறைமாப்பிள்ளை. ஒரு கோடு தடம் மாறினால் தங்கை முறையாகிறவளைப் பெண் கேட்டுப் போய் நிற்போம். அல்லது நெருங்கிய சொந்தம் ஒன்று அந்நியம் என்று விட்டுப்போகும். ஊரில் எல்லாரும் ஒரே லைனில் குடியிருந்த காலத்தில் இந்தப் பயம் இல்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பாட்டன்மார் சுரங்க வேலைக்கு வந்து ஒரே குடியிருப்பில் வாழ்ந்தார்கள். படம் வேண்டியிருக்கவில்லை, ஒவ்வொரு திண்ணையிலும் ஒரு பெரியம்மா இருந்தார். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பெங்களூர், சென்னை, வளைகுடா என்று குடும்பங்கள் சிதறிவிட்டன. நம் பிள்ளைகளுக்கு எல்லாரும் அங்கிள், ஆன்ட்டி. அதனால்தான் இந்தப் படம் வேண்டும் என்கிறேன். வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். திருத்தி வரையுங்கள் என்கிறேன்.

சங்கத்துக்கு என் யோசனைகள் இவை:

1. எட்டடித் தாள் வேண்டாம். ஒரு தாள், ஒரு பாட்டன் பாட்டி, மூன்று தலைமுறை. புத்தகம் போலத் தைத்துவிடலாம். முதல் பக்கத்தில் எந்தக் குடும்பம் எந்தத் தாள் என்ற பெயர்ப் பட்டியல்.

2. தாள் விட்டுத் தாள் போகும் கல்யாண உறவுக்குக் கோடு இழுக்க வேண்டாம். இரண்டு முனையிலும் பெயரும் மறு தாளின் எண்ணும் போதும். ரிலே ரூமில் நாங்கள் செய்த வழி இதுதான்.

3. பிறப்புக்கு ஒரு வகைக் கோடு, கல்யாணத்துக்கு வேறு வகை. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிலும் உண்டு. ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாமே கறுப்பு. ஒன்று தடிப்பாக, மற்றது விட்டுவிட்டு இருக்கட்டும்.

4. வெட்டுகிற இடத்தில் பாலம், சேர்கிற இடத்தில் புள்ளி. நான்கு கோடு ஒரே புள்ளியில் வேண்டாம்.

5. ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி, வரைந்தவர் பெயர், சரிபார்த்த பெரியவர் பெயர். பிறப்பு, கல்யாணம், இறப்பு நடந்தால் அந்த மாதமே திருத்தம் ஏற வேண்டும். திருத்தாத பழைய படம் படமே இல்லாததைவிடக் கெடுதல்.

6. அச்சுக்குப் போகுமுன் ஒரு சோதனை. வரைந்தவர் அல்லாத, உறவு தெரியாத ஒரு பையனிடமோ பெண்ணிடமோ தாளைக் கொடுங்கள். "இவருக்கு அவர் என்ன முறை?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். விரலைக் கவனியுங்கள். விரல் தயங்கும் இடத்தில் தவறு பிள்ளையின் மேல் இல்லை, வரைந்தவர்மேல்.

இதில் இளைஞர்களின் உழைப்பைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. வேலை முடிந்து வந்து, இரவில் கண் விழித்து, வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நாம் யாரும் செய்யாததை அவர்கள் செய்தார்கள். பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்குப் பெரியவர்கள் உட்கார்ந்து கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். நான் பென்சிலும் ரப்பரும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்தப் பெரியம்மாவையும் கையோடு அழைத்து வருவதாக அவர் மகன் சொல்லியிருக்கிறார். முதல் தாளை அவர் குடும்பத்திலிருந்தே தொடங்குவோம்.